பிசிறு எடுத்தவள் படம் வரையப் போன கதை

பஞ்சவர்ணத்துக்கு முப்பத்தொன்பதாவது வயதில் படிப்பு வந்தது. சிலருக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், சிலருக்கு முட்டிவலி வரும், என் பொண்டாட்டிக்கு இது வந்திருக்கிறது என்று எத்திராஜ் ஆவடி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். அவன் சொன்னதில் பாதி கிண்டல், பாதி பெருமை. எது எந்தப் பாதி என்று அவனுக்கே தெரியாது.

அவள் வேலை செய்த இடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பக்தவத்சலம் என்பவரின் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே ஏழு மெஷின், மேலே தகரக் கூரை போட்ட ஒரு அறை. அந்த அறையில் முதலாளியின் மேசை, அதற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு, தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர். அமெரிக்காவுக்குப் போகும் பம்புகளுக்கான இரும்புத் துண்டுகளை அங்கே கடைந்து அனுப்புகிறார்கள். மெஷினிலிருந்து வெளியே வரும் துண்டின் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். கை வைத்தால் கீறிவிடும். அந்தப் பிசிறை அரத்தால் எடுத்து, அளந்து, துடைத்து அடுக்குவதுதான் பஞ்சவர்ணத்தின் வேலை. பதினாலு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இதென்ன பிரமாதம், அரம் பிடிக்க யாருக்குத் தெரியாது என்பவர்கள் ஒரு நாள் வந்து பிடித்துப் பார்க்கட்டும். எந்த ஓரத்தை மழுக்க வேண்டும், எந்த ஓரத்தைக் கூராகவே விட வேண்டும் என்பதை டிராயிங்தான் சொல்லும். அதைப் படிக்கத் தெரியாமல் கூராக இருக்க வேண்டியதையும் வழித்துவிட்டால் அந்தத் துண்டு நேராகக் காயலான் கடைக்குப் போகும். அதனால் பஞ்சவர்ணம் டிராயிங் படிக்கக் கற்றுக்கொண்டாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. துண்டை ஒரு கையிலும் தாளை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தக் கோடு இந்த ஓரம், இந்தப் புள்ளிக்கோடு உள்ளே மறைந்திருக்கிற ஓட்டை என்று தானே பிடித்துக்கொண்டாள்.

பிளஸ் டூ முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டவள்தான். அப்பா ஆவடியில் கான்ட்ராக்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மூன்று பெண்கள். விண்ணப்பப் படிவம் வாங்கி வந்த வாரமே எத்திராஜின் வீட்டார் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். கல்யாணம் நடந்தது, படிவம் என்ன ஆனதென்று யாரும் கேட்கவில்லை. இதைச் சொல்லி அவள் ஒரு நாளும் புலம்பியதில்லை. புலம்புவது அவளுக்குக் கைவராத தொழில்.

மேலே கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து டிராயிங் போட்டவர் கிருபாகரன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மாடியில் உட்கார்ந்தால் தனக்கு உயரம் கூடிவிட்டதாக நினைக்கும் ரகம், அவ்வளவுதான். ஒரு நாள் காலை புது டிராயிங் ஒன்று கீழே வந்தது. பஞ்சவர்ணம் அதைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள்.

"சார், இந்தப் படத்துல ஓட்டையோட ஆழம் பன்னெண்டுன்னு கீது. பக்கத்துப் படத்துல அதே ஓட்டைக்கு இருபத்தொண்ணுன்னு கீது. எது சார் சரி?"

கிருபாகரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் வேலை ஓரத்த வழிக்கிறது. படத்தப் பாக்கறதுக்கு இங்க ஆள் இருக்கான். கீழ போம்மா."

அவள் கீழே போனாள். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் திருத்திய டிராயிங் ஒன்று சத்தமில்லாமல் வந்து பழையதன் இடத்தில் உட்கார்ந்தது. மன்னிப்பும் வரவில்லை, நன்றியும் வரவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. தப்பைக் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெரிந்த எனக்கு அதை வரைய ஏன் தெரியக் கூடாது என்று அன்றைக்கு முழுக்க அரத்தை அழுத்தித் தேய்த்தாள்.

அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து நடக்கும் ஒரு அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்தாள். கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் படிப்பு, பதினாலு மாதம், பிளஸ் டூ போதும், பாடமெல்லாம் போனில் வரும், பரீட்சையும் வீட்டிலிருந்தே. சேர்ந்த பிறகுதான் எத்திராஜிடம் சொன்னாள்.

"கம்ப்யூட்டர் படிப்பா? நீயா?" என்றான் அவன். "எதுக்குமே இந்தப் பேஜாரு?"

"எனக்கு வேணும்."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் அவள் 'எனக்கு வேணும்' என்று சொன்னது மொத்தம் மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் கிடைக்கும் வரை விடவில்லை என்பது அவனுக்கு நினைவிருந்தது.

வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. மகள் சௌம்யா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. சௌம்யா இப்போது வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். லேப்டாப் பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடந்தது. அதில் டிராயிங் போடும் மென்பொருளைத் திறந்துவிட்டு, அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வரலாம். அப்போதும் பாதிதான் திறந்திருக்கும். பாடம் கேட்பதெல்லாம் ரயிலில். வேப்பம்பட்டில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கும் வரை லேடீஸ் பெட்டியில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் நேற்று விட்டுப்போன சீரியலைப் பார்ப்பார்கள். இவள் கோட்டை வெட்டுவது எப்படி, வட்டத்தை நகர்த்துவது எப்படி என்று பார்ப்பாள். எட்டிப் பார்த்த ஒருத்தி, "இன்னாக்கா, கோலம் கத்துக்கறியா?" என்று கேட்டாள். "ஆமா, இரும்புல போடற கோலம்" என்றாள் பஞ்சவர்ணம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் அவளுக்குக் கோலக்கார அக்கா என்றே பெயராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதான் கை வைத்துப் பழகும் நாள். அரம் பிடித்துக் காய்த்துப் போன விரல் ஒரு எழுத்தைத் தட்டினால் இரண்டு எழுத்து விழும். மௌஸ் சொன்ன பேச்சைக் கேட்காது. அதையெல்லாம் நாலைந்து மாதத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். வழிக்கு வராதது ஒன்றே ஒன்று. கம்பெனியில் துண்டு கையில் இருக்கும், திருப்பிப் பார்க்கலாம். இங்கே திரையில் தட்டையாக இரண்டு படம் கொடுத்துவிட்டு மூன்றாவதை நீயே போடு என்கிறார்கள். திரையைத் திருப்பிப் பார்க்க முடியுமா? கண்ணை மூடி யோசித்தாள், உருவம் வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு பெரிய உருளைக்கிழங்கை எடுத்து, தோலைச் சீவி, கத்தியால் பாடத்தில் இருந்த உருவத்தை அப்படியே செதுக்கினாள். காடி என்கிற நீளப் பள்ளத்தை வெட்டினாள், ஒரு பக்கம் சரித்தாள், கரண்டிக் காம்பால் ஓட்டை போட்டாள். பிறகு அதைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மூன்றாவது படத்தைப் போட்டு முடித்தாள்.

அன்றிலிருந்து வாரத்துக்கு நாலு உருளைக்கிழங்கு பாடத்துக்குப் போனது. பாடம் முடிந்ததும் குழம்புக்குப் போனது. நாஸ்தாவுக்கு உட்கார்ந்த எத்திராஜ் தட்டிலிருந்து எல் வடிவத்தில் ஒன்றை எடுத்து, நடுவில் இருந்த ஓட்டை வழியாக அவளைப் பார்த்து, "இத்த எந்த பம்புக்குமே மாட்டறது?" என்று கேட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

அடுத்த ஜனவரியில் கிருபாகரன் வேலையை விடப்போவதாகச் சொன்னார். ஓசூரில் பெரிய இடம் கிடைத்திருந்தது. மார்ச் கடைசி வரைதான் இருப்பார். கம்பெனி முழுக்க அதே பேச்சு. பஞ்சவர்ணம் கீழே இறங்கி வந்திருந்த முதலாளியிடம் நேராகப் போய், தான் இன்ன படிப்பு படிக்கிறேன், முடியும் தறுவாயில் இருக்கிறது, அந்த இடத்தைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டாள். பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு தடவை பார்த்தார். சிரித்தார்.

"கிருபா போறதுக்குள்ள சர்ட்டிபிகேட்ட எடுத்துகினு வா. அந்தச் சேர் உனக்குத்தான்" என்றார்.

மெஷின்காரர்கள் நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னார். பஞ்சவர்ணம் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை, வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டாள். பரீட்சை மாதத்தில் ஒரு தடவை, முதல் சனிக்கிழமை. ரிசல்ட் வர இரண்டு வாரம் ஆகும். பிப்ரவரி, மார்ச் என்று கணக்குப் பார்த்தால் இரண்டு வாய்ப்பு. ஏப்ரலில் பாஸ் செய்து பிரயோஜனம் இல்லை.

பிப்ரவரிப் பரீட்சையில் வந்த உருவம் அவள் தினமும் கையில் எடுக்கும் துண்டு மாதிரியே இருந்தது. கிழங்குகூடத் தேவைப்படவில்லை. முன்னாலிருந்து பார்த்த படம், மேலிருந்து பார்த்த படம், பக்கத்திலிருந்து பார்த்த படம் மூன்றையும் அளவு பிசகாமல் போட்டு, நேரத்துக்கு முன்பே அனுப்பிவிட்டு, சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். இரண்டு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. நூற்றுக்கு முப்பத்தினாலு. ஃபெயில்.

கோயம்புத்தூரில் அவளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ரேஷ்மா. நேரில் பார்த்ததில்லை, குரலை வைத்துப் பார்த்தால் சௌம்யாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். பஞ்சவர்ணம் அவளை மிஸ் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள். போன் போட்டதும் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, அளவு ஒண்ணுகூடத் தப்பில்லைங்க. படத்தை வச்ச இடம்தான் தப்பு. மேலிருந்து பார்த்ததைக் கொண்டுபோய் மேல வச்சிருக்கீங்க."

"மேலேர்ந்து பாத்தத மேல வைக்காம வேற எங்க மிஸ் வைப்பாங்க?"

"கீழ வைக்கணும்ங்க."

பஞ்சவர்ணம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். உலகத்தில் டிராயிங் போட இரண்டு வழக்கம் உண்டு. அமெரிக்காக்காரர்கள் மேலிருந்து பார்த்த படத்தை மேலே போடுவார்கள், வலது பக்கம் பார்த்ததை வலது பக்கம் போடுவார்கள். நம் நாட்டுப் பாட வழக்கத்தில் எல்லாம் தலைகீழ். மேலே பார்த்தது கீழே போகும், வலது பக்கம் பார்த்தது இடது பக்கம் போகும். பக்தவத்சலத்தின் கம்பெனிக்கு வருவதெல்லாம் அமெரிக்கா டிராயிங். பதினாலு வருஷம் அதையே பார்த்துப் பழகிய கண். இதற்கென்று ஒரு தனிப் பாடம் இரண்டாவது மாதத்திலேயே போனுக்கு வந்திருந்தது. படத்தை எப்படி வைப்பதென்று எனக்கா தெரியாது என்று பஞ்சவர்ணம் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருந்தாள். ஒன்றும் தெரியாத புதுப்பிள்ளை செய்ய மாட்டாத தப்பு அது. தெரிந்தவளுக்கென்றே வைத்த குழி.

"சுவத்துக்கு முன்னாடி பொருளை வச்சு டார்ச் அடிச்சுப் பாருங்கக்கா" என்றாள் ரேஷ்மா. "மேலிருந்து அடிச்சா நிழல் எங்க விழுது? அங்கதான் அந்தப் படம். இவ்வளவுதான்ங்க சூட்சுமம்."

எத்திராஜ் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவன் மனைவி சமையல் மேடையில் ஒரு உருளைக்கிழங்கை நிறுத்தி வைத்து, மேலேயும் பக்கத்திலேயும் மாறி மாறி போன் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, கெழங்குக்கு எக்ஸ்ரே எடுக்கறியா?"

"ஒண்ணு கேக்கறேன் சொல்லு. மேலேர்ந்து பாத்த படத்த எங்க போடுவே?"

"மேலதான்."

"அத்தான் நானும் போட்டேன். ஃபெயிலு."

எத்திராஜ் சிரிக்கப் போய் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் வந்து போனைத் தன் கையில் வாங்கி, "நீ எழுதிக்க, நான் அடிக்கறேன்" என்றான்.

பிப்ரவரி மிச்சம் முழுக்க அவள் செய்தது ஒரே வேலை. கம்பெனியில் பார்த்த அமெரிக்கா டிராயிங்குகளை நினைவிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் நம் வழக்கத்துக்கு மாற்றி வரைந்தாள். இருபது வரைக்கும் கை தானாக மேலே போனது. முப்பதைத் தாண்டியதும் தயங்கியது. நாற்பத்திரண்டாவதில் யோசிக்காமல் கீழே போனது. அப்போதுதான் விட்டாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. பரீட்சை எழுதுகிறவர் முகமும் மேசையும் கேமராவில் தெரிய வேண்டும், மேசைமேல் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது, அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று விதி. எத்திராஜ் கதவை வெளியே சாத்திக்கொண்டு வாசலில் குந்திக்கொண்டான். தெருவில் வந்த கறிகாய் வண்டிக்காரனை ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லித் தகராறு செய்ததாகப் பிற்பாடு கேள்வி.

பஞ்சவர்ணம் திரையில் வந்த உருவத்தைப் பார்த்தாள். இப்படி ஒன்றை அவள் கம்பெனியில் கண்டதே இல்லை. ஒரு பக்கம் சரிவு, சரிவின் நடுவே ஒரு காடி, அந்தக் காடி உள்ளே போய் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. கிழங்கு இல்லை, கத்தி இல்லை. அவளை அறியாமலே இடது கை மேலே எழுந்தது. விரல்கள் காற்றில் ஒரு துண்டைப் பிடித்தன. மெதுவாகத் திருப்பின. மணிக்கட்டு வளைந்தது. அப்படியே சாய்த்துப் பார்த்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்." லேப்டாப்பிலிருந்து ஒரு ஆண் குரல். எங்கேயோ உட்கார்ந்து கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர். "யாருக்கு சைகை காட்டுறீங்க?"

"யாருக்கும் இல்ல சார். படத்துல கீற துண்டத் திருப்பிப் பாத்தேன்."

"டேபிள் மேல எந்தப் பொருளும் இருக்கக் கூடாது மேடம்."

"பொருளே இல்ல சார்."

"அப்புறம் எதைத் திருப்புனீங்க?"

இல்லாத ஒன்றைத் திருப்பினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ரெண்டு கையையும் காட்டச் சொன்னார், காட்டினாள். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இது வார்னிங் மேடம். இன்னொரு தடவை கை அப்படிப் போச்சுன்னா பரீட்சை கேன்சல்" என்றார்.

அதற்குள் ஒன்பது நிமிடம் போயிருந்தது. பஞ்சவர்ணம் பயந்தாள், உண்மையாகவே பயந்தாள். இந்தக் கை பதினாலு வருஷம் சோறு போட்ட கை. இன்றைக்கு அதுவே காலை வாரிவிடப் பார்க்கிறது. இடது கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

கம்பெனிக்கு எப்போதாவது பெரிய வார்ப்பு இரும்பு ஒன்று வரும். நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அதற்குப் பிசிறு எடுக்கும்போது யாரும் அதைத் திருப்ப மாட்டார்கள். அதைச் சுற்றி நடப்பார்கள். பஞ்சவர்ணம் திரையில் இருந்த உருவத்தை மனத்துக்குள் தரையில் இறக்கி வைத்தாள். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினாள். முன்னால் நின்று பார்த்தாள். பக்கவாட்டில் நடந்து போய்ப் பார்த்தாள். பின்னால் போய்க் குனிந்து பார்த்தபோது அந்தக் காடி முக்கால் வழியில் முடிந்து நிற்பது தெரிந்தது. வலது கை கோடுகளைப் போட ஆரம்பித்தது. இடது கை மரத்துப் போயிற்று, எடுக்கவில்லை. மேலே நின்று பார்த்ததைக் கீழே வைத்தாள். வலது பக்கம் பார்த்ததை இடது பக்கம் வைத்தாள். அனுப்பி முடித்தபோது இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது.

மார்ச் இருபதாம் தேதி வேலை முடிந்து வரும் ரயிலில் ரிசல்ட் வந்தது. எண்பத்தொன்று. திருநின்றவூரில் பாதிப் பெட்டி காலியாகும் வரை அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எத்திராஜ் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் அனுப்பினான். இந்த முறை கிண்டல் ஒன்றும் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை சான்றிதழைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு படியேறினாள். கண்ணாடித் தடுப்புக்குள் கிருபாகரன் நின்றுகொண்டிருந்தார். சேரில் வேறொருவர் உட்கார்ந்து அவர் சொல்லுவதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

பக்தவத்சலத்துக்கு அவளைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. தாளை வாங்கினார், படித்தார். "நிஜமாவே பாஸ் பண்ணிட்டியேம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது என் சகலையோட மருமகன். பி.இ. படிச்சவரு. துபாய்லேர்ந்து வந்து வேலையில்லாம இருந்தாரு. வீட்ல ஒரே நச்சரிப்பு..."

"நீங்கதான சார் சொன்னீங்க, சர்ட்டிபிகேட் எடுத்துகினு வான்னு."

"சொன்னேன். இல்லேங்கல. நீ எடுத்துகினு வருவேன்னு யாரு கண்டா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த மட்டில் பாராட்ட வேண்டும். அவரே தொடர்ந்தார். "இன்னொண்ணும் சொல்றேன் கேளு. நீ மேல வந்துட்டா கீழ யாரு? பத்து வருஷமா வெளிநாட்லேர்ந்து ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல. அது உன் கைம்மா. அந்தக் கைய நான் எப்படி அங்கேர்ந்து எடுப்பேன்?"

பஞ்சவர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாலு வருஷத்தில் இந்தக் கட்டடத்தில் யாரும் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்றரை வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் அதையே நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் அரத்தோடு ஓட்டியிருப்பாள். இப்போது அது அவளைக் கீழேயே வைத்துப் பூட்டுகிற பாராட்டு என்று நன்றாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் கை நல்ல கைன்னு சொல்றீங்கல்ல சார். அத்த ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க."

இதோடு விட்டாளே என்ற நிம்மதியில் அவர் கம்பெனி தாளிலேயே எழுதிக் கொடுத்தார். இத்தனை வருஷம், இன்ன வேலை, ஒரு குறை இல்லை என்று.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தெருவுக்குத் தெரு கம்பெனி. சாப்பாட்டு வேளை அரை மணி நேரம். பஞ்சவர்ணம் டப்பாவைத் திறக்காமல் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு தினம் ஒரு தெருவாக நடந்தாள். ஒரு இடத்தில் தாளையே வாங்கவில்லை. ஒரு இடத்தில் டிராயிங்குக்கு ஆள் வேண்டாம், பிசிறு எடுக்க நாளைக்கே வரலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் வயதைக் கேட்டுவிட்டு, "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றார்கள். "நான் பாஸ் பண்ணது இந்த வயசுலதான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பன்னிரண்டு இடம் ஆயிற்று. கிருபாகரன் விடைபெற்று ஓசூருக்குப் போயும் சேர்ந்துவிட்டார்.

பதின்மூன்றாவது இடத்தில் ராஜசேகரன் என்ற மேனேஜர் தாள்களைப் படித்துப் பார்த்தார். அலமாரியிலிருந்து தேய்ந்துபோன ஒரு இரும்புத் தாங்கியை எடுத்து அவள் முன்னால் வைத்து, ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார். "இதுக்கு டிராயிங் கிடையாது. அளந்து வரைஞ்சு காட்டுங்க."

அன்று மதியம் அவள் தன் கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. வரைந்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ராஜசேகரன் அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு ஓரத்தில் அம்புக்குறி போட்டு, இந்த முனையை அரை மில்லிமீட்டர் மழுக்கவும் என்று அவள் எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"பழசுல இந்த எடம் கூராதான இருக்கு. ஏன் மழுக்கச் சொல்றீங்க?"

"மாட்டறவங்க கை அந்த எடத்துலதான் சார் போவும். விட்டா கிழிச்சிரும்."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருந்தது. "மூணு மாசம் பாக்கலாம்" என்றார். "திங்கக்கிழமை காலைல வந்துருங்க."

பக்தவத்சலத்திடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார், பதினைந்து நாள் பொறு என்றார், கடைசியில் கோபித்துக்கொண்டார். அவள் அரங்களைத் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்குப் புதுக் கம்பெனியின் வாசலில் நின்றாள். மடித்து இஸ்திரி போட்ட காட்டன் சேலை, கையில் சாப்பாட்டுப் பை. கேட்டில் இருந்த வாட்ச்மேன் அவளைப் பார்த்ததுமே பெயரைக் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

"லேடீஸ்லாம் பின்னால கேட்டும்மா. இப்படியே சுத்திப் போ."

"அங்க இன்னாண்ணே?"

"பேக்கிங்கு."

"நான் டிராயிங் செக்‌ஷன்."

"டிராயிங்ல யாரப் பாக்கணும்?"

"யாரையும் பாக்க வரல. அங்க வேலைக்கு வந்துக்கீறேன்."

வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், காய்த்துப்போன விரல்களைப் பார்த்தார். கையெழுத்துக்காக நோட்டை அவள் பக்கம் திருப்பினார். பெயருக்கு நேரே 'பேக்கிங்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். பஞ்சவர்ணம் பேனாவை வாங்கி, அதை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் 'டிராயிங்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முன் கேட் வழியாகவே உள்ளே போனாள்.